மட்டைப்பை சுமந்தவனும் மாளிகைக் கதவும்

விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள் என்று நமக்கு உபதேசம் புரியும் கனவான்கள் மலைநாட்டில் மலிந்திருக்கின்றனர். நுவரெலியாவிலே ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டம் வந்துவிட்டால் அவர்களின் குரல் சற்று உரத்தே ஒலிக்கும். குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி, மோட்டார் ஓட்டம், கோல்ப் ஆட்டம் ஆகிய இன்பங்களுக்கு நடுவே தோட்டத் தொழிலாளியின் பிள்ளையைப் பற்றிய பேச்சு எதற்கு என்பது அவர்களின் வினா. "திறமையுள்ளவன் தானே மேலே வருவான். பந்துக்குச் சாதி தெரியுமா? இனம் தெரியுமா?" என்று கேட்டுவிட்டுத் தேநீர்க் கோப்பையைக் கையிலெடுக்கின்றனர்.

பந்துக்குத் தெரியாது, ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அந்தப் பந்து உருளும் புற்றரைக்கு ஒரு வேலி உண்டு. வேலிக்கு ஒரு வாயில் உண்டு. வாயிலுக்கு ஒரு காவலாளி உண்டு. காவலாளிக்குப் பின்னால் ஒரு விதிப்புத்தகம் உண்டு. பந்துக்குத் தெரியாத யாவும் இந்த நால்வருக்கும் நன்றாகவே தெரியும். இதனை மெய்ப்பிக்க வேண்டி, ஒரு மனிதரின் இளமைக் காலத்தை இங்கே எடுத்துரைக்கின்றோம். அவர் நம் மலைகளில் பிறந்தவரல்லர். கடல் கடந்த நாட்டினர். ஆயினும் அவர் கதையில் ஊர்ப் பெயர்களை மட்டும் மாற்றிவிட்டால் அது அட்டனிலும் தலவாக்கொல்லையிலும் நடந்த கதையாகிவிடும்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி, 'துரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுச் சென்று தென்னாபிரிக்காவின் டேர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றப்பட்ட மக்களின் முதற் கூட்டம் அதில் இருந்தது. 1911இல் அந்த ஏற்றுமதி நிறுத்தப்படும்வரை சுமார் 152,000 பேர் அவ்வாறு கொண்டு செல்லப்பட்டனர். அங்கே கரும்பு, இங்கே முதலிற் கோப்பி, பின்பு தேயிலை. அங்கே ஐந்தாண்டு ஒப்பந்தம். இங்கே கங்காணியின் கடன்துண்டு. அங்கே கப்பல் வழி. இங்கே மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழி. ஒரே பேரரசு, ஒரே காலம், ஒரே வறுமை பெற்ற இரு பிள்ளைகள் நாங்கள் என்றால் அது மிகையாகாது.

அப்படிக் கொண்டு செல்லப்பட்ட இந்திய வம்சாவளி மக்களிடையே, டேர்பன் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில், 1930ஐ ஒட்டிய காலத்திலே பிறந்தவர் சியூசங்கர் சியூகோலம். 'பாப்வா' என்பது அவருக்கு வழங்கிய செல்லப்பெயர். சியூசங்கர் என்பது சிவசங்கர்தான்; வெள்ளைக்கார எழுத்தர்களின் பேனா அதனை அவ்வாறு உருக்குலைத்தது. (நம் தோட்டத்துச் செக்றோலிலும் பிறப்புப் பதிவுகளிலும் நம்மவர் பெயர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இது புதுமையாயிராது. பின்னாளில் அப்பெயர்களே எங்களுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் நின்றதையும் நாம் மறக்கவில்லை.)

வீட்டுக்கு எட்டிய தூரத்தில் 'பீச்வூட்' என்னும் கோல்ப் மைதானம். அது வெள்ளையர் ஆடும் மைதானம். சிறுவன் பாப்வா அங்கே நுழைந்தது ஆட்டக்காரனாகவன்று. மட்டைப்பை சுமக்கும் கூலியாக. பள்ளிக்கூடம் அவருக்கு வாய்க்கவில்லை. எழுத்தறிவு இல்லாமலே வளர்ந்தார். ஆனால் பை சுமப்பவனுக்கு ஒரு கல்வி உண்டு. எந்தச் சரிவில் பந்து எப்பக்கம் உருளும், எந்தக் காற்றுக்கு எந்த மட்டை, எந்தக் குழியைச் சுற்றிப் புல் எப்படிச் சாய்ந்திருக்கும் என்பதையெல்லாம் துரைமாரைவிடப் பை சுமப்பவனே நன்கறிவான். துரை வாரத்தில் ஒருநாள் அந்தப் புல்லில் நடக்கின்றார். பையன் அன்றாடம் நடக்கின்றான். துரைக்கு எந்த மட்டையை நீட்டுவது என்று தீர்மானிப்பவனும் பெரும்பாலும் அவனே. அறிவு ஒருவனுடையது, ஆட்டமும் வெற்றிக் கிண்ணமும் மற்றொருவருடையது. தேயிலைக் கொழுந்தின் பதம் பார்த்துக் கிள்ளும் விரல் ஒன்று, லண்டன் ஏலத்தில் விலை கூறிய குரல் மற்றொன்று என்பதை அறிந்த மலைநாட்டாருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

ஓய்ந்த வேளைகளில் மரக்கொம்பை மட்டையாக்கி அவர் அடித்துப் பழகினார். வலக்கைப் பழக்கமுள்ளோர் கோல்ப் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலும் வலக்கை கீழுமாக அமைவதே உலக வழக்கம். சியூகோலமோ வலக்கையை மேலும் இடக்கையைக் கீழுமாக வைத்துப் பிடித்தார். பயிற்சியாளர் எவரேனும் அருகில் இருந்திருந்தால் முதல் நாளே கையைத் தட்டித் திருத்தியிருப்பார். கற்பிக்க ஒருவரும் இல்லை. ஆகவே திருத்தவும் ஒருவரும் இல்லை. அந்தப் பிடியோடுதான் அவர் உலகத்தின் முன்னணி ஆட்டக்காரர்களை வென்றார். இன்றும் அப்பிடிக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

பதினாறாம் வயதில், வெள்ளையரல்லாதார் மட்டும் ஆடிய நேட்டால் போட்டியில் அவர் வெற்றி பெற்றார். அந்த வெற்றிக்கும் 1959இல் உலகம் அவர் பெயரைக் கேட்டதற்கும் இடையே ஏறத்தாழப் பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. அன்பர்களே, இந்த ஆண்டுகளையே நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஓர் ஆட்டக்காரனின் உடலும் கண்ணும் உச்சத்தில் இருக்கும் பருவம் அது. பணமுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அதுவே அமெச்சூர் பருவம். அதாவது ஊதியங் கருதாமல் ஆட்டத்தின் மீதுள்ள காதலால் மட்டும் ஆடும் பருவம் என்று புகழப்படுவது. சியூகோலத்துக்கு அது எப்படிக் கழிந்தது? பகலிற் கூலி வேலை. வாய்ப்புக் கிடைத்தால் பை சுமப்பு. போட்டி என்றால் வெள்ளையரல்லாதாருக்கென ஒதுக்கப்பட்ட சிலவே. நகரத்திலிருந்த அருமையான பதினெட்டுக் குழி மைதானங்கள் அவருக்கு மூடியிருந்தன. 1950இல் குழுப்பிரதேசச் சட்டம் வந்தது. 1953இல் தனித்தனி வசதிகள் சட்டம் வந்தது. 1956இல் தென்னாபிரிக்க உள்நாட்டமைச்சர் டோங்கஸ், வெள்ளையரும் மற்றையோரும் தத்தம் விளையாட்டுகளைத் தனித்தனியே நடத்திக்கொள்ள வேண்டும் என்று அரசின் கொள்கையை அறிவித்தார்.

ஒரு சட்டத்தரணியின் கண்கொண்டு இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். "இந்தியன் கோல்ப் ஆடலாகாது" என்று தென்னாபிரிக்காவில் எந்தச் சட்டமும் கூறவில்லை. நிலத்தைப் பற்றி ஒரு சட்டம், கட்டடத்தைப் பற்றி ஒரு சட்டம், அனுமதிப் பத்திரத்தைப் பற்றி ஒரு விதி, இவற்றோடு ஓர் அமைச்சரின் பேச்சு. இந்நான்கும் கூடிய இடத்தில் ஒரு மனிதன் வெளியே நிற்கின்றான். எந்த ஏட்டைப் புரட்டினாலும் அவன் பெயர் இல்லை. "உன்னை யார் தடுத்தது?" என்று அவனையே திருப்பிக் கேட்கலாம்!

இந்தச் சூட்சுமம் நிறவெறி பிடித்த தென்னாபிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. கோல்ப் ஆட்டம் வளர்ந்த பிரித்தானியாவிலேயே அது பிறந்தது. 1885இல் இங்கிலாந்தின் ஹொய்லேக்கில் அமெச்சூர்களுக்கெனப் போட்டி நடத்தியபோது டக்ளஸ் ரோலண்ட் என்னும் ஸ்கொத்லாந்தியர் ஆட வந்தார். அவர் ஒரு கல்தச்சர். முந்திய ஆண்டு ட்ரூனில் நடந்த போட்டி ஒன்றில் பரிசுப்பணம் பெற்றிருந்தார் என்பது காரணமாக அவர் விலக்கப்பட்டார். நன்று, விதி விதிதானே என்பீர்கள். ஆனால் அதே ஹொய்லேக்கில் ஜோன் போல் என்றொரு இளைஞர் இருந்தார். மைதானத்தை ஒட்டிய ஹோட்டலின் உரிமையாளருடைய மகன். அவரும் 1878இல் பதினாறு வயதில் ஒரு போட்டியில் பத்து ஷிலிங் பரிசு பெற்றவரே. கனவான்கள் கூடி ஆராய்ந்தார்கள். விலக்குக் காலத்தின் எல்லையை அவர்கள் வகுத்த விதம் எவ்வாறு அமைந்தது தெரியுமா? ரோலண்ட் வெளியே; போல் உள்ளே! போல் பின்னாளிற் பெரும் புகழ் பெற்றார். அவர் திறமையில் நமக்கு ஐயமில்லை. கல்தச்சரின் திறமையிலும் ஐயமில்லை.

அதனைத் தொடர்ந்து அமெச்சூர் யார் என்பதற்கு ஒரு வரைவிலக்கணம் எழுதினார்கள். மட்டையோ பந்தோ செய்து விற்றவர் அமெச்சூர் அல்லர். கூலிக்கு ஆட்டங் கற்பித்தவர் அல்லர். பதினைந்து வயதுக்குப் பின் கூலிக்கு மட்டைப்பை சுமந்தவரும் அல்லர்! பார்த்தீர்களா விதியின் நயத்தை? "ஏழை ஆடலாகாது" என்று ஒரு சொல் அதில் இல்லை. ஏழை அந்த ஆட்டத்தை அணுகக்கூடிய வழிகள் யாவை என்று எண்ணி, அவ்வழிகள் ஒவ்வொன்றிலும் ஒரு முட்கம்பியைக் கட்டிவிட்டார்கள், அவ்வளவே.

அமெரிக்காவிலும் இதுவே நிலை. பிரான்சிஸ் உய்மெட் என்பவர் மசாசுசெட்ஸ் மாநிலத்துப் புரூக்லைனில், கிளப் ஒன்றின் எதிர்வீட்டில் வாழ்ந்து அங்கேயே பை சுமந்து வளர்ந்த ஏழைப் பிள்ளை. அமெச்சூர் தகுதி போய்விடும் என்பதற்காகப் பதினாறாம் வயதோடு சுமப்பதை நிறுத்தினார். 1913இல், இருபது வயதில், இங்கிலாந்தின் பெரும் ஆட்டக்காரர்களான ஹரி வார்டனையும் டெட் ரேயையும் வென்று அமெரிக்க ஓப்பன் பட்டத்தைப் பெற்றார். அவருக்கு அன்று பை சுமந்தவன் எடி லோவ்ரி என்னும் பத்து வயதுச் சிறுவன். நாடே கொண்டாடிற்று. மூன்று ஆண்டுகள் கழித்து, விளையாட்டுப் பொருட் கடை வைத்திருக்கிறார் என்று கூறி அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தனர். 1918இலேதான் திருப்பிக் கொடுத்தனர். வெள்ளைநிறத்தவருக்கே இக்கதி என்றால், நிறமும் வறுமையும் கூடிய சியூகோலத்தின் கதியை எடுத்துரைக்கவும் வேண்டுமா?

இனி நம் மலைக்குத் திரும்புவோம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இரண்டாண்டிற் கோப்பிக்கு நோய் கண்டது. 1885இல் ரயில்பாதை நானுஓயாவை எட்டியது. நான்கே ஆண்டுகளில், 1889இல், நுவரெலியாவில் கோல்ப் கிளப் பிறந்தது. அங்கே ஆடியவர்கள் கோர்டன் ஹைலண்டர்ஸ் படையின் சிப்பாய்களும் தோட்டத் துரைமாரும். எவ்வளவு வேகம் பாருங்கள்! தோட்டத்திற் பிறந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் வந்துசேர எத்தனை தலைமுறை பிடித்தது என்பதையும் இதனோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அந்தப் புற்றரையின் ஓரத்தில் மேஜர் ரோஜர்ஸ் என்னும் படை அதிகாரியின் கல்லறையும் கிடக்கின்றது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பேர்பெற்ற அவர் 1845இல் மின்னல் தாக்கி மாண்டவர். யானையைக் கொன்றவருக்கு அந்தப் பச்சைப் புல்லில் ஆறடி கிடைத்தது. அப்புல்லைச் செதுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவிற் குடும்பம் நடத்தினார்கள். இன்றும் பலர் நடத்துகின்றார்கள்.

சியூகோலம் டேர்பனில் பை சுமந்துகொண்டிருந்த அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. அதனை எடுத்துப் படித்துப் பாருங்கள். "இந்தியத் தமிழன்" என்ற சொல் அதில் எங்கும் இல்லை. தந்தை இலங்கையிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் பிறந்திருக்க வேண்டும் என்று மட்டுமே அது கேட்டது. பிறப்புப் பதிவு என்ற ஒன்றைக் கண்டிராத காலத்துப் பூட்டனுக்கு அத்தாட்சி கேட்டது. 1949இல் தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டு, வாக்கும் பறிபோயிற்று. றுவான்வெல்லைத் தொகுதியின் வாக்காளர் இடாப்பிலே தம் பெயரைச் சேர்க்கக் கோரிய கோடக்கன்பிள்ளையின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்றது. 1953இல் பிரபுக்கள் தீர்ப்பளித்தனர்: தன் பிரஜைகள் யாவர் என்று நிர்ணயிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிய காரியம், இச்சட்டத்திற் பாரபட்சம் இல்லை என்று.

பெயர் சொல்லாமல் விலக்கும் கலை! கோல்ப் கனவான்கள் 1880களிற் கையாண்ட கலையும், டேர்பன் ஆட்சியாளர் கையாண்ட கலையும், கொழும்புப் பாராளுமன்றம் கையாண்ட கலையும் ஒன்றே. இதைத்தான் விளையாட்டில் அரசியல் என்கின்றோம். நாம் அதைப் புகுத்தவில்லை ஐயா. நாம் வருமுன்பே அது அங்கே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தது.

நம் சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கே கூறிவிடுகின்றோம். பல ஆண்டுகளுக்கு முன்பு, மலைநாட்டு ஊரொன்றில் (ஊர்ப் பெயர் வேண்டாம்) ஒரு தோட்டத்துச் சிறுவனுக்காக நாம் நீதிமன்றத்தில் ஆஜரானோம். வேலியைத் தாண்டி ஆடுகளத்துள் அத்துமீறிப் பிரவேசித்தான் என்பது குற்றச்சாட்டு. ஓடையில் விழுந்த பந்துகளைப் பொறுக்கப் போயிருந்தான். "உனக்கு அங்கே என்ன வேலை?" என்று நீதவான் கேட்டார். "அங்கே புல் வெட்டுறது எங்க அப்பாதாங்க" என்றான் பையன். மன்றிற் சிலர் சிரித்தார்கள். நீதவான் சிரிக்கவில்லை. எச்சரித்து விடுவித்தார். நாமும் அந்த வெற்றியோடு வெளியே வந்தோம். ஆனால் தகப்பன் உழைக்கும் நிலத்தில் மகன் கால் வைத்தால் அத்துமீறல் ஆவது எந்தப் பிரிவின் கீழ் என்ற கேள்வி இத்தனை காலமாக நம்மை விட்டுப் போகவில்லை.

நமக்கு மூன்று பக்கங்களிலிருந்து மறுப்பு வரும். முதலாவது, தர்மவான்களின் மறுப்பு. "சியூகோலத்துக்கு வெள்ளைக்காரர் ஒருவரே உதவினாரே?" என்பார்கள். உண்மை. கிரஹாம் வுல்ஃப் என்னும் டேர்பன் வர்த்தகர், அழகுசாதனத் தைலம் ஒன்றின் உற்பத்தியாளர், சியூகோலத்தின் திறமையைக் கண்டு 1959இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அந்த ஆண்டே சியூகோலம் ஒல்லாந்து ஓப்பன் பட்டத்தை வென்றார்; 1960இலும், மீண்டும் 1964இலும் அதனை வென்றார். வுல்ஃபின் நற்செயலை நாம் மதிக்கின்றோம். ஆனால் ஒரு கேள்வி. நேட்டாலில் எத்தனை பையன்கள் பை சுமந்தார்கள்? எத்தனை பேருக்கு ஒரு வுல்ஃப் கிடைத்தார்? துரையின் தயவாற் படித்தவன், கங்காணியின் தயவாற் பிழைத்தவன், மந்திரியின் தயவால் உத்தியோகம் பெற்றவன் என்று எண்ணி எண்ணியே நம் சமுதாயம் நூறாண்டைக் கழித்துவிட்டது. தயவு கொடுத்தவர் கையில் இருக்கும். உரிமை பெற்றவன் கையில் இருக்கும். சலுகையை நீதிமன்றத்திற் கேட்டு வாங்க முடியாது.

இரண்டாவது மறுப்பு புள்ளிக்காரர்களுடையது. "இலங்கையிலே சாதாரண குடும்பங்களிலிருந்தும் கோல்ப் வீரர்கள் வந்திருக்கிறார்களே; 2002இல் புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் அனுர ரோகண வெள்ளிப் பதக்கம் பெற்றாரே; கே. பிரபாகரன், என். தங்கராஜா என்னும் தமிழ்ப் பெயர்களும் இந்தியத் தொழில்முறைச் சுற்றின் பட்டியலில் வந்தனவே" என்பார்கள். வந்தன, நெஞ்சம் நிறைந்து வாழ்த்துகின்றோம். மதிலேறிக் குதித்து வந்தவனைக் காட்டி "பார், வாயில் திறந்திருக்கிறது" என்று வாதிடுவது எந்தத் தர்க்கம்? அன்றி, வறியவன் தொழில்முறைக்கு விரைந்து ஓடுவது ஏன்? அமெச்சூராக இருந்து உண்ண வழியில்லை என்பதனாலன்றோ! உலக கோல்ப் அதிகாரபீடங்களே இதனை ஒருவாறு உணர்ந்து, 2022இல் அமெச்சூர் விதிகளைத் திருத்தி எழுதின. ஆட்டக்காரர் பிறர் ஆதரவைப் பெற்றுச் செலவு செய்வதற்கிருந்த பழைய தடைகளை அகற்றின. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிக்காத்த "தூய்மை" ஒரே நாளிற் கழற்றி வைக்கப்பட்டது. அதனால் வானம் இடிந்து விழவில்லை.

மூன்றாவது மறுப்பு நம் தோழர்களுடையது. அதுவே நமக்கு முக்கியமானது. "நாட்சம்பளத்துக்குப் போராடுகிறோம், வீட்டுக்குப் போராடுகிறோம், கோல்ப் என்னும் பணக்காரர் கூத்து நமக்கெதற்கு?" என்று அவர்கள் கேட்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கமக்காரரும் இதனையே கேட்கக்கூடும். தோழர்களே, ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு கோல்ப் மட்டை கொடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. நாம் பேசுவது ஓய்வைப் பற்றி, நிலத்தைப் பற்றி, நுழைவைப் பற்றி. விடியலிற் பிரட்டுக்கு நின்று அந்திவரை கொழுந்து நிறுக்கும் தாயின் பிள்ளைக்கு, பந்தடிக்க ஒரு நாளும் அடிக்க ஒரு துண்டு நிலமும் இல்லை என்றால், அது சம்பளப் பிரச்சினையின் மறுபக்கமே. கூலி குறைந்தவனிடமிருந்து முதலிற் பறிபோவது சோறன்று, பொழுது. சியூகோலத்தின் அமெச்சூர் ஆண்டுகளைத் தின்றது அந்தப் பொழுதின்மைதான்.

அந்த ஆண்டுகளின் முடிவில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1963இல் டேர்பன் கன்றி கிளப் மைதானத்தில் நேட்டால் ஓப்பன் போட்டி. விசேட அனுமதியின் பேரில் சியூகோலம் ஆடினார், வென்றார். பரிசளிப்பு வேளையில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளையர் யாவரும் மாளிகைக்குள் இருந்தனர். இந்தியன் உள்ளே வரலாகாது; ஆகவே வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றார். உள்ளே தட்டேந்திப் பரிமாறிய இந்தியச் சிப்பந்திகளுக்கோ கதவு திறந்தேயிருந்தது! வேலைக்காரனாக நுழையலாம், வெற்றிவீரனாக நுழைய முடியாது. மழையில் நின்ற அந்தப் புகைப்படம் உலகப் பத்திரிகைகளில் வெளியாயிற்று. தென்னாபிரிக்காவை விளையாட்டுலகம் புறக்கணிக்க வேண்டும் என்ற கோரிக்கைக்கு அது ஆயிரம் மேடைப் பேச்சுக்குச் சமமாக உதவிற்று. 1965இல் அதே நேட்டால் ஓப்பனில் அவர் கரி பிளேயரைத் தோற்கடித்தார். அந்த ஆண்டே அமெரிக்க ஓப்பனை வென்ற உலகப் பெருவீரர் அந்தப் பிளேயர். கனவான்களின் வாய்ப்பாட்டின்படி "திறமையுள்ளவன் மேலே வந்துவிட்டான்" அல்லவா? அதன் பின்புதான் வெள்ளையர் போட்டிகளில் ஆடும் அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது. வெளிநாடு செல்லும் கடவுச்சீட்டும் இல்லாமற் செய்யப்பட்டது. 1978இல் வறுமையில் மாண்டார். இன்று டேர்பன் நகரசபையின் கோல்ப் மைதானமொன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

இனி நாம் கேட்பது என்ன? தோட்டக் காணிகள் 1970களில் அரசுடைமையாயின. 1992 முதற்கொண்டு கம்பெனிகளின் நிர்வாகத்துக்கும் பின்பு குத்தகைக்கும் விடப்பட்டன. குத்தகைக்காரன் உரிமையாளனல்லன். நிலம் இன்றும் அரசினது. அதாவது 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு ஒருவழியாகப் பிரஜைகளாகிவிட்ட நம் மக்களுக்கும் உரியது. வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி எழுதிக் கொடுக்க முடியும் என்றால், ஒவ்வொரு தோட்டத்திலும் பிள்ளைகள் ஆடும் மைதானத்தையும் உறுதியிலே எழுதிக் கொடுக்க முடியும். இன்று துரை மனம் வைத்தால் மைதானம், நாளை மனம் மாறினாற் தேயிலைக் கன்று என்னும் நிலை ஒழிய வேண்டும். மாவட்ட அணிக்கும் தேசிய அணிக்கும் தெரிவாகும் தோட்டத்து இளைஞனின் போட்டி நாட்கள் சம்பள நாட்களாகக் கணக்கிடப்பட வேண்டும். இதனைக் கூட்டு ஒப்பந்தப் பேச்சில் எழுப்புவது தொழிற்சங்கங்களின் கடமை. இதுவரை எழுப்பாதது எங்களவர் குற்றமுங்கூட.

கோல்ப் கிளப்புகளைப் பொறுத்தவரை ஒரே ஒரு கோரிக்கை. பை சுமப்போருக்கு வாரத்தில் ஒருநாள் ஆட இடங்கொடுப்பது உலகெங்கும் பல கிளப்புகளின் வழக்கம். வழக்கம் என்பது செயலாளரின் புன்னகையைப் பொறுத்தது. அந்த ஒரு நாளை விதிப்புத்தகத்தில், இலக்கமிட்ட ஒரு பந்தியாக, அச்சில் எழுதுங்கள்: சுமப்பவரும், புல் வெட்டுபவரும், அவர்தம் பிள்ளைகளும் இன்ன கிழமையில் இம்மைதானத்தில் ஆட உரித்துடையர் என்று. அடுத்த ஏப்ரல் வருமுன், மலைநாட்டிலுள்ள கிளப்புகள் ஒவ்வொன்றின் செயலாளருக்கும் இதனைக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புகின்றோம். மறுமொழி எதுவாயினும், மறுமொழி வராவிடினும், இப்பத்திரிகையில் அதனைப் பிரசுரிப்போம்.